நாலு சக்கரமும் இழுக்கிறதா? வடசென்னையில் ஐந்து நாள், ஒரு பிக்கப்

நாள் 1 – தண்டையார்பேட்டை

படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். காசிமேட்டில் கடை. பெரிய விசைப்படகுகள் துறைமுகத்துக்குள்ளேயே நிற்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். ஃபைபர் படகுக்காரர்கள் அப்படி இல்லை. எண்ணூர் குப்பங்களில் ஒருவர், பழவேற்காட்டுப் பக்கம் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எஞ்சின் நின்றுவிட்டால் போனில் கூப்பிடுவார்கள், நான்தான் போய் ஏற்றி வர வேண்டும். அதற்காகவே போன வருஷம் ஒரு பழைய நாலு வீல் டிரைவ் பிக்கப் வாங்கினேன். வாங்கியபோது விற்றவர் சொன்ன ஒரே விஷயம், "இந்தத் திருகைத் திருப்புனா எங்க வேணா போகும்."

கார்த்திகை மழையில் அது எங்கேயும் போகவில்லை. எர்ணாவூர் தாண்டி ஒரு குப்பத்தின் ஓரம், சேறும் மணலும் கலந்த இடம். திருகை 4 எச் (நாலு சக்கரத்துக்கும் இழுவை, வழக்கமான வேகம்) என்ற இடத்துக்குத் திருப்பினேன், பச்சை விளக்கும் எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் இடது சக்கரம் மட்டும் சர்ரென்று சுற்றுகிறது, முன்னால் வலது சக்கரம் சுற்றுகிறது. மற்ற இரண்டும் கோயில் தூண் மாதிரி நிற்கின்றன. பக்கத்தில் டிஃப் லாக் என்று ஒரு பட்டன் இருந்தது, அதையும் அமுக்கினேன். விளக்கு மினுக் மினுக் என்று மினுக்கியது, அவ்வளவுதான். கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது. 1,500 ரூபாய். காசைவிட, சுற்றி நின்ற பையன்கள் "நாலு வீலு வண்டிண்ணே!" என்று சிரித்ததுதான் வலித்தது.

பொங்கல் முடிந்து கடையில் கூட்டம் குறைவு. தண்டையார்பேட்டையில் லாரி ஹவுசிங் (அச்சுக் கூடு) வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைத் தெரியும். முப்பது வருஷம் மீட்பு கிரேன் ஓட்டியவர், எல்லோருக்கும் அவர் கிரேன் அண்ணன். ஐந்து நாள் என்னோடு வாருங்கள், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். "ஓட்டக் கத்துக்கிறதுக்கு முன்னாடி கழட்டிப் பாக்கக் கத்துக்கோ" என்றார். கழற்றவில்லை. ஆனால் அவர் காட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை.

வண்டியை 4 எல்-லில் (நாலு சக்கரமும், ஆனால் மெதுவான வேகம்) போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்தார். சாவி மட்டும் ஆனில். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின் பாலத்தை, அதாவது இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற அச்சுக் கூட்டை, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார். "இப்போ இடது சக்கரத்தைக் கையால சுத்து." சுற்றினேன். அந்தப் பக்கம் வலது சக்கரம் எதிர்த் திசையில் சுற்றியது. நான் முன்னால் தள்ளினால் அது பின்னால் போகிறது. வேகமாகத் தள்ளினால் அதுவும் வேகமாக. தெருவில் விளையாடிய பிள்ளைகள் வந்து ஆளுக்கு ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அது ராட்டினம்.

"இதான் டிஃபரன்சியல். வளைவுல உள் சக்கரம் கம்மி தூரம் போவும், வெளிச் சக்கரம் அதிக தூரம் போவும். ரெண்டையும் ஒரே கம்பியில கட்டிட்டா டயர் தேயும், வண்டி திரும்பாது. அதுக்காக நடுவுல நாலு சின்னப் பல்சக்கரத்தைப் போட்டு ரெண்டு பேரையும் தனித்தனியா சுத்த வுட்டான்."

சரி, அப்புறம் ஏன் சேற்றில் கைவிட்டது? அண்ணன் சொன்ன விளக்கம் இது. டிஃபரன்சியல் பாகம் பிரிக்கிற பெரியவர் மாதிரி. இரண்டு பிள்ளைகளுக்கும் சரிசமமாகத்தான் கொடுப்பார். ஒருத்தன் சேற்றில் நின்றுகொண்டு எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று ஓடினால், தரையில் கால் ஊன்றி நிற்கிற அடுத்தவனுக்கும் அதே ஒன்றுமில்லைதான் கிடைக்கும். அதுதான் எர்ணாவூரில் நடந்தது. முன்னாலும் ஒரு பெரியவர், பின்னாலும் ஒரு பெரியவர், இரண்டு வீட்டிலும் ஒரு ஊதாரிப் பிள்ளை.

பிறகு டிஃப் லாக் பட்டனை, அதாவது அந்தப் பின் டிஃபரன்சியலைப் பூட்டுகிற பட்டனை, அமுக்கினார். விளக்கு மினுக்கியது. "சுத்து" என்றார். சக்கரத்தை மெல்ல ஒரு சாண் அளவு திருப்பினேன். அடியில் டக் என்று ஒரு சத்தம். விளக்கு நிலையாக நின்றது. அதற்குமேல் சக்கரம் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், காலை ஊன்றித் தள்ளினேன், ம்ஹூம். இரண்டு பின் சக்கரமும் ஒரே இரும்பாகிவிட்டன.

"மினுக்குனா இன்னும் பல்லு விழல. நின்னு எரிஞ்சா விழுந்துடுச்சு. பல்லுக்குப் பல்லு நேரா வந்தாத்தான் பூட்டும், அதுக்கு வண்டி கொஞ்சம் நகரணும்."

அன்று எனக்கு ஏன் மினுக்கியதோடு நின்றது? என் வண்டியில் டிஃப் லாக் 4 எல்-லில் மட்டும்தான் பூட்டும். நான் 4 எச்-சில் நின்றுகொண்டு பட்டனை அமுக்கியிருக்கிறேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் இது இருக்கிறது. படித்திருந்தால் 1,500 மிச்சம்.

நாள் 2 – திருவொற்றியூர், எண்ணூர் விரைவுச் சாலை

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் கருங்கல் கரை, அதற்கு அப்பால் கடல். சென்னைத் துறைமுகத்தின் கைகளைக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடைபட்டு நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே எங்கள் கரை தேய்ந்துகொண்டே வந்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டியிருப்பது அதனால்தான். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் மிதிப்பது எங்கள் மணல் என்று அண்ணன் வழக்கமாகச் சொல்வார். அன்றும் சொன்னார்.

பட்டினத்தார் சமாதி தாண்டியதும் ஒரு டீ. இன்றைய பாடம், நாலு சக்கரத்தை எப்போது போடக் கூடாது என்பது.

தெரிந்தவர் ஒருவரின் கண்டெய்னர் யார்டு, நல்ல காய்ந்த கான்கிரீட் தரை. நேராக, மெதுவாக உருட்டிக்கொண்டே 2 எச்-சிலிருந்து (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) 4 எச்-சுக்குத் திருப்பச் சொன்னார். இதற்கு நிற்கத் தேவையில்லை, ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரிலிருந்து கால் லேசாக எடுத்திருக்க வேண்டும். விளக்கு ஓரிரு முறை மினுக்கி நின்றது. "இப்போ ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு வட்டம் போடு."

பாதி வட்டம்கூட முடியவில்லை. யாரோ பின்னால் பிரேக் பிடித்த மாதிரி வண்டி இழுபட்டது. முன் டயர்கள் கிறீச் கிறீச் என்று தத்தின. ஸ்டீயரிங் கையில் முரண்டு பிடித்தது. நான் பயந்து நிறுத்திவிட்டேன்.

வளைவில் பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போகின்றன. எங்கள் மாதிரிப் பிக்கப்பில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவில் டிஃபரன்சியல் கிடையாது. 4 எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற பெட்டி) இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். கான்கிரீட்டில் சறுக்க வழியில்லை. அந்த முறுக்கெல்லாம் உள்ளே ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறி நிற்கும். திருகை 2 எச்-சுக்குத் திருப்பியும் பச்சை விளக்கு அணையவில்லை, முறுக்கு பல்லைப் பிடித்து வைத்திருந்தது. ஸ்டீயரிங்கை நேராக்கி ரிவர்ஸில் நாலு அடி போனதும் அடியில் ஒரு தட்டு, விளக்கு அணைந்தது.

"மழை பெய்ஞ்சா போடலாமாண்ணே?" என்று கேட்டேன். தண்ணீர் ஓடுகிற, வழுக்குகிற ரோட்டில் நேராகப் போகும்போது போடலாம், ஆனால் பிரேக்குக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார். பிரேக் ஏற்கெனவே நாலு சக்கரத்தையும்தான் பிடிக்கிறது. கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. கிரேன் ஓட்டிய காலத்தில் அவர் பள்ளத்திலிருந்து தூக்கிய நாலு வீல் வண்டிகள் பலவும் நன்றாகக் கிளம்பிய வண்டிகள்தானாம்.

நாள் 3 – மணலி

ஒன்றும் கற்கவில்லை. மணலி போகிற வழியில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி, மூன்று மணி நேரம் முதல் கியரும் நியூட்ரலுமாகப் போனது. வரிசையிலேயே சுண்டல் விற்றார்கள், வாங்கித் தின்றோம். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாள் 4 – மணலி புதுநகர்

நேற்றுப் போக இருந்த இடம். என் தாய்மாமா லாரி நிறுத்த வாடகைக்கு எடுத்திருக்கும் யார்டு. பின்பக்கம் நிரவாத காலி இடம், ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிய சேறு, இன்னொரு மூலையில் கொட்டிவைத்த நிரப்பு மணல். நான் முதலில் கடற்கரைக்கே போகலாம் என்றுதான் கேட்டேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. தை மாசி பங்குனியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. "ஆமை முட்டை மேல டயர் ஏத்திதான் நீ தொழில் கத்துக்கணுமா?" நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் வண்டியிலிருந்து இறங்கி நடக்க வைத்தார். ஓட்டப்போகிற தடத்தை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். குதிகாலை ஊன்றி அழுத்து. செருப்பு அடி மட்டும் பதிந்தால் 2 எச் போதும். கணுக்கால் வரை போனால் 4 எச். அதற்கும் மேல் உள்ளே இழுத்தால், வேறு வழி இருக்கிறதா என்று பார். சேற்றில் நான் செருப்பை விட்டுவிட்டு வந்தேன், கையை விட்டுத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

4 எல் போடும் முறை வேறு. வண்டி முழுக்க நிற்க வேண்டும், பிரேக்கில் கால், கிளட்ச் முழுக்க உள்ளே, கியர் நியூட்ரலில். திருகை அழுத்தித் திருப்பினால் அடியில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து விளக்கு நிற்கும். வரவில்லை என்றால் வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டிப் பார்க்க வேண்டும். 4 எல்-லில் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் இரண்டரை மடங்கு, வேகம் அதே அளவுக்குக் குறைவு. முதல் கியரில் கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி கிழவி நடப்பது மாதிரி நடந்தது. மணலுக்கு இரண்டாவது கியர் என்றார். முதல் கியரில் இழுவை அதிகமாகி சக்கரம் சட்டென்று குழி தோண்டிவிடும்.

சேற்றில் சுலபமாகப் போய்விட்டோம், அதனால் எனக்குத் திமிர் வந்துவிட்டது. மணலில் ஏறினேன். டயரில் 32 காற்று, 4 எச், டிஃப் லாக் இல்லை. இரண்டு வண்டி நீளம் போனதும் மூக்கு தாழ்ந்தது. இங்கேதான் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். மிதித்தேன். பின் வலது சக்கரம் சுற்றிச் சுற்றி, பின் பாலத்தின் உருண்டை மணலில் உட்காரும் வரை தோண்டியது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இப்போ லாக் போட்டா வருமாண்ணே?"

"பாலம் உக்காந்தப்புறம் லாக் போட்டு இன்னா பிரயோஜனம்? உக்காரதுக்கு முன்னாடி போடணும். குழில இருக்கறப்போ போட்டா ரெண்டு சக்கரமும் சேந்து தோண்டும்."

மண்வெட்டியால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் சரிவு வெட்டினேன். பாலத்தின் அடியில் படுத்துக் கையாலேயே மணலை வாரினேன், சட்டைக்குள் பனியனுக்குள் எல்லாம் மணல். பிறகு காற்று. வால்வு ஊசியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு டயரிலும் 18 வரை இறக்கினோம். இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். 32-ல் டயர் தரையைத் தொடுவது உள்ளங்கை மாதிரி என்றால், 18-ல் அது முழங்கை வரை நீண்டு படுக்கிறது. அகலத்தில் கொஞ்சம்தான் பரவுகிறது, நீளத்தில்தான் நிறைய. அதே எடை பெரிய இடத்தில் பரவுவதால் மணலில் வெட்டாமல் மேலே மிதக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கி, பாவமாகக்கூட இருந்தது.

சக்கரத்துக்குப் பின்னால் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகளைச் செருகினோம். இந்தப் பக்கத்துக் காயலான் கடைகளில் எடை போட்டுத் தருகிற சரக்கு, வெளியே விற்கிற பிளாஸ்டிக் பலகைக்கு ஒரு குறையும் இல்லை. 4 எல். டிஃப் லாக், மினுக்கல், கிளட்சை அரை அங்குலம் விட்டதும் டக். ரிவர்ஸ். வந்த தடத்திலேயே பின்னால். வண்டி ஒரு தடவைகூடச் சக்கரம் வீணாகச் சுற்றாமல், அவமானமே இல்லாமல், எழுந்து வந்துவிட்டது.

அப்புறம் மதியம் முழுக்க அதே மணலில் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஏறுவதற்கு முன்பே பூட்டி, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, நிற்க வேண்டும் என்றால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விட்டு. பிரேக் அடித்தால் டயருக்கு முன்னால் மணல் மேடாகிவிடும், கிளம்பும்போது அதையே ஏற வேண்டியிருக்கும். பூட்டியிருக்கும்போது திரும்பப் பார்த்தால் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது, மூக்கு நேராகவே போகப் பார்க்கிறது. முன் பாலத்தில் பூட்டு கிடையாது. அதனால் இப்போதும் நாலு சக்கரத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. பின்னால் நிச்சயமாக இரண்டு, முன்னால் ஒன்று சறுக்கினால் மற்றதும் கைவிடும். 1,500 ரூபாய் கொடுத்த அன்று எனக்கு வேலை செய்தவை, செய்யாதவை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

நாள் 5 – காட்டுப்பள்ளி, பழவேற்காடு

போன் வந்தது, நிஜமான வேலை. பழவேற்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபைபர் படகு எஞ்சின் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வல்லூர், அத்திப்பட்டு புதுநகர் வழியாக காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், சாம்பல் குளம். சாம்பல் குளத்தின் ஓரத்தில் மேலே காய்ந்து வெடித்திருக்கும், நடந்துகூடப் போகாதே, அடியில் கூழ் என்று அண்ணன் எச்சரித்துக்கொண்டே வந்தார். 2001-ல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கி இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறிய இடம் வலது பக்கம்.

காட்டுப்பள்ளி தாண்டிக் கரையோரச் சாலையில் ஓரிடத்தில் கடல் மணலைத் தள்ளித் தாரை மூடியிருந்தது. நூறடி இருக்கும். முன்னால் போன வண்டிகளின் தடம் குழம்பிக் கிடந்தது. மணலுக்கு இந்தப் பக்கம் ஒரு டிராக்டர், அதன்மேல் கயிற்றுச் சுருளோடு ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என் டிராக்டர்காரர் இல்லை, ஆனால் அதே பார்வை.

"கயிறு வேணுமா?"

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

இறங்கி நடந்தேன். நடுவில் இருபது அடி மட்டும் கணுக்காலுக்கு மேல் இழுத்தது. காற்றை 20-க்கு இறக்கினேன். நின்று, நியூட்ரல், 4 எல். பட்டன். மினுக்கல். ஒரு முழம் உருட்டினேன், டக். இரண்டாவது கியர். அண்ணன் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே. நடுவில் வண்டி ஒரு பக்கம் சரிந்தபோது கால் தானாக மிதிக்கப் போனது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். அதே வேகத்தில், அதே சத்தத்தில், வண்டி மணலைத் தின்றுகொண்டே அக்கரை ஏறியது. பீடிக்காரர் கயிற்றைத் தலைக்கு அண்டை கொடுத்துப் படுத்துவிட்டார்.

சந்தோஷத்தில் பூட்டை எடுக்க மறந்துவிட்டேன். தார் ரோட்டில் முதல் வளைவு, ஸ்டீயரிங் கல்லானது, பின் டயர் உறுமியது. பட்டனை அமுக்கினேன், விளக்கு அணையாமல் மினுக்கியது. அண்ணன் இப்போதும் கடலைத்தான் பார்த்தார். ஸ்டீயரிங்கை நேராக்கி, பத்தடி ரிவர்ஸ் எடுத்தேன். தட்டு. அணைந்தது. பிறகுதான் நின்று 2 எச்.

எஞ்சினை நான்கு பேர் சேர்ந்து பின்னால் ஏற்றினோம். படகுக்காரர் வீட்டில் நண்டுக் குழம்பு, சோறு. அண்ணன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பதிவு செய்கிறேன். திரும்பும்போது டிராக்டர் போய்ப் போய் மணல் தடம் இறுகியிருந்தது, பின்னால் எஞ்சின் கனமும் இருந்தது, 4 எச் மட்டுமே போதுமாக இருந்தது. தடத்தின் ஓரத்தில் ஒரு குட்டி டெம்போ புதைந்து கிடந்தது, பீடிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நாமும் ஒரு கை கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"அது அவரு பொழப்பு. சொம்மா வா."

அத்திப்பட்டு புதுநகரில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, நாலு டயருக்கும் 32 அடிக்கச் சொன்னேன். பையன் மீட்டரை வைத்துப் பார்த்தான். முதல் டயர் 20. அடுத்தது 20. மூன்றாவதும் 20. நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னாண்ணே, நாலும் ஒரே நேரத்துல பஞ்சரா?"